சுண்ணாம்பின் கணக்கும் ஆன்மாவின் கணக்கும்

கோயில் விழாச் சொற்பொழிவு, சபைக் கன்வென்ஷன், பகுத்தறிவுக் கூட்டம் என்று எந்த மேடையாக இருந்தாலும் ஒரு வாக்கியம் ஒலிபெருக்கியில் வந்தே தீரும்: 'பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டதே!' சைவப் பேச்சாளர் இதிலிருந்து, சடப்பொருளுக்கே அழிவில்லை என்றால் உயிருக்கு எப்படி அழிவு வரும் என்று போவார். நாத்திகர், ஆக்கவே முடியாத ஒன்றுக்கு ஆக்கியவன் எதற்கு என்பார். பிரசங்கியாரோ, இயற்கையால் ஆக முடியாதது இருக்கிறதே, அப்படியானால் இயற்கைக்கு மேலான ஒருவர்தானே ஆக்கியிருக்க வேண்டும் என்று முடிப்பார். ஒரே விதியிலிருந்து ஒன்றையொன்று வெட்டும் மூன்று முடிவுகளை மூன்று பேர் எடுக்கிறார்கள். மூவரும் தத்தம் நம்பிக்கையை முன்பே கையில் வைத்துக்கொண்டு விதியைச் சாட்சிக்கு மட்டும் அழைக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. அந்தச் சாட்சி என்ன பார்த்தது, என்ன பார்க்கவில்லை என்று விசாரித்தால், மூன்று வழக்கிலும் அது சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். ஆனால் சமயம் சம்பந்தப்பட்ட வேறு சில வழக்குகளில் அது அழுத்தமாகவே பேசும். அங்கே யாரும் அதை அழைப்பதில்லை.

விதி என்ன சொல்கிறது என்பதற்குச் சுண்ணாம்பைவிட நல்ல பாடம் இல்லை. கடற்கரை ஊர்களில் சிப்பியைக் காளவாசலில் அடுக்கிச் சுடுவார்கள். சிப்பி ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். நன்றாக வெந்த 100 கிலோவிலிருந்து சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ அளவுக்குத்தான் மிஞ்சும். கண்ணுக்கு முன்னால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போகிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து, 18 கிலோ நீரை உள்ளே வாங்கி 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் பூசினால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் காற்றிலிருந்து 44 கிலோ கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு, வாங்கிய நீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ கால்சியம் கார்பனேட்டாக இறுகும். காளவாசலில் காணாமல் போனது அழியவில்லை, காற்றோடு போனது. இதை முதலில் எடைபோட்டுக் காட்டியவர் எடின்பரோவில் மருத்துவம் படித்த ஜோசப் பிளாக். சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்க மருந்து தேடியவர், 1750களில் சுண்ணாம்புக்கல்லும் அதன் இனமான வெள்ளை மக்னீசியாவும் சுடும்போது இழக்கும் எடை ஒரு வாயுவின் எடை என்று நிறுவினார். பிறகு 1774இல் பாரிசில் லவோய்சியே தகரத்தை மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் கலத்தில் சூடேற்றினார். கலத்தைத் திறக்கும்வரை மொத்த எடை மாறவில்லை. திறந்தவுடன் வெளிக்காற்று உள்ளே புகுந்து எடை ஏறியது.

லவோய்சியே வரிவசூல் குத்தகைக் குழுவில் பங்குதாரர் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. (அதற்காகத்தான் 1794இல் தலை போனது.) வரவும் செலவும் நேராக வேண்டும் என்பது அவருக்குத் தொழிற்பழக்கம். 1789இல் வந்த வேதியியல் நூலில், ஒரு வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு சமம் என்பதைச் சோதனையின் முடிவாக அவர் சொல்லவில்லை. கேள்விக்கு இடமில்லாத அடிப்படையாக முதலிலேயே வைத்துக்கொண்டார். அந்த அடிப்படையைத்தான் பின்வந்தவர்கள் சோதித்தார்கள். ஹான்ஸ் லாண்டோல்ட் 1890களில் தொடங்கி 1909 வரை பல வினைகளைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து நிறுத்துப் பார்த்தார். கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மாற்றம் தெரியவில்லை. ஆக, பள்ளிப் புத்தகத்தில் பொருண்மை அழியா விதி என்று நாம் படிப்பதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, கணக்கு இடித்தால் காணாமல் போனதைத் தேடு என்ற கட்டளை. மற்றது, மூடிய கலத்துக்குள் நடக்கும் வேதிவினையில், இவ்வளவு நுட்பமான தராசுவரை, எடை மாறவில்லை என்ற கண்டறிவு. மேடைப் பேச்சில் இரண்டாவது சங்கதியின் மூடிய கலம், வேதிவினை, தராசின் நுட்பம் மூன்றுமே உதிர்ந்துபோய், பொருள் அழியாது என்ற இரண்டு சொல் மட்டும் நிற்கிறது.

முதலில் ஆன்மா. உயிர் அழியாது என்பதை அணு அழியாது என்பதோடு சேர்த்துச் சொன்ன தரிசனம் தமிழில் ஒன்று இருந்தது, ஆசீவகம். மணிமேகலையில் சமயவாதிகளின் கொள்கைகளை மணிமேகலை கேட்கும் காதையில் ஆசீவகன் தன் தரப்பை வைக்கிறான்: நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்கள் தொடக்கமில்லாதவை, சிதையாதவை, புதிதாகப் பிறப்பதும் இல்லை, ஐந்தாவதாக உயிரும் அந்த வரிசையில் ஒரு பொருளே. இந்த வாதம் சரியோ தவறோ, ஒழுங்கானது. உயிரைப் பொருள் வரிசையில் சேர்த்துவிட்டதால் பொருளுக்குச் சொன்னது உயிருக்கும் பொருந்தும் என்று ஆசீவகன் சொல்லலாம். ஆனால் சைவ சித்தாந்தம் சொல்வது நேர் எதிர். உயிர் சித்து, மாயையின் காரியங்கள் சடம், இரண்டும் ஒரு வகையல்ல. அப்படியிருக்க, சடத்துக்குக் கண்ட விதியைச் சித்துக்கு நீட்டுவது ஆசீவகனின் வாதத்தை அவனுடைய முதல் நிபந்தனையை ஏற்காமலே கடன் வாங்குவதாகும். உயிரைத் தராசில் வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டால்தான் தராசின் தீர்ப்பு உயிருக்குச் செல்லும். அதை ஒப்புக்கொண்ட கணமே சித்தாந்தம் கைவிட்டுப் போகிறது.

அதே காதையில் பூதவாதியும் பேசுகிறான். அவன் எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. பூவும் வெல்லக்கட்டியும் மற்றவையும் சேர்ந்து ஊறும்போது வெறி பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது, பிரியும்போது பறையோசைபோலக் கெட்டுவிடுகிறது என்கிறான். குமரி மாவட்டத்து நெய்யூர், இரணியல் பக்கம் பனைமரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி, தடவாவிட்டால் கள். பனஞ்சாற்றின் சர்க்கரை முதலில் குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரையாகப் பிரியும். குளுக்கோஸ் 180 கிராம் நொதித்தால் 92 கிராம் சாராயமும் 88 கிராம் கரியமில வாயுவும் வரும். எடைக் கணக்கு நேராகிறது. ஆனால் வெறி? சர்க்கரையில் அது இல்லை, நொதிக்கும் ஈஸ்ட்டிலும் இல்லை. இப்போது கள்ளில் இருக்கிறது. கள் இன்னும் சில நாள் கிடந்து காடியானால் வெறி போய்விடும், எங்கேயும் போகாமலே. காற்றையும் சேர்த்து நிறுத்தால் எடை ஒரு கிராம் கூடாமல் குறையாமல் ஒரு பண்பு பிறக்கவும் இறக்கவும் முடிகிறது. உணர்வு அப்படிப்பட்ட பண்பா இல்லையா என்பது பூதவாதிக்கும் மற்றவர்களுக்கும் நடுவே இன்றுவரை தீராத வழக்கு. பொருண்மை அழியா விதி அந்த வழக்கில் இரு தரப்புக்கும் ஒரேபோல ஊமை. இன்னொன்றும் இதே சுண்ணாம்பில் தெரியும். ஒரே டப்பாவிலிருந்து எடுத்த சுண்ணாம்பு கலயத்தில் நொதிப்பைத் தடுக்கிறது, சுவரில் மழையைத் தாங்குகிறது, பாக்கு புகையிலையோடு கன்னத்தில் அடக்கினால் புற்றுக்குத் துணைபோகிறது. திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி ஐ. எம். ஓர் 1933இல் லான்செட் இதழில் எழுதினார். வாய்ப்புற்று நோயாளிகள் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைத் தேடி வந்த காலம் அது. மூன்று இடத்திலும் சுண்ணாம்பின் எடை ஒன்றேதான்.

சித்தாந்தி இங்கே மறிக்கலாம், மறிக்கவும் வேண்டும். 'தராசைப் பார்த்து நாங்கள் தத்துவம் சொல்லவில்லை. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது என்ற சற்காரியவாதம் எங்களுக்கு முன்பே உண்டு. விஞ்ஞானம் இப்போது அதை வழிமொழிகிறது, அவ்வளவுதான்.' இந்தத் தடையில் பாதி உண்மை இருக்கிறது. அது பெரும்பாலோர் அறியாத பாதி. தராசு உண்மையிலேயே நம் தத்துவ மன்றத்துக்கு வந்திருக்கிறது. நூலிலிருந்து நெய்த துணி நூலுக்கு வேறான புதுப்பொருள் என்பது வைசேடிகர் கட்சி. ஏறக்குறைய ஒன்பது பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த வாசஸ்பதி மிசிரர் சாங்கியத்தின் பக்கமாக நின்று அதை மறுக்கிறார்: துணி புதுப்பொருள் என்றால் நூலின் எடைக்கு மேல் துணிக்கென்று தனி எடை இருக்க வேண்டுமே, தராசுத்தட்டு அப்படி இறங்கக் காணோமே. லவோய்சியேவுக்கு எண்ணூறு ஆண்டு முன்பு எடையைச் சாட்சியாக நிறுத்திய வாதம் இது. படிக்கும்போது எழுந்து நின்று கைதட்டத் தோன்றும். ஆனால் வைசேடிகர் இதனால் கடை மூடிப் போகவில்லை. போர்த்திக்கொள்ள உதவுவது துணிதான், நூற்கண்டு அல்ல என்று அவர்கள் தொடர்ந்து வாதிட்டார்கள். தராசுத்தட்டு இறங்கக் காணோம் என்பது இரு கட்சிக்கும் சம்மதம்; துணி என்ற காரியம் நூலில் முன்பே இருந்ததா என்பதில்தான் சண்டை. சற்காரியவாதத்தின் உயிர், எள்ளில் எண்ணெய் வரும், மணலில் வராது என்ற காரண ஆற்றலைப் பற்றிய வாதம். அது தன் காலில் நிற்கக்கூடியது. வேதியியல் விதி அதை வழிமொழியவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியாருக்குப் பாரிசிலிருந்து சிபாரிசுக் கடிதம் வாங்கித்தர வேண்டிய அவசியமும் இல்லை.

நாத்திகர் மேடையில் சொல்லும் இந்த வாதம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. லூட்விக் பூக்னர் 1855இல் வெளியிட்ட 'ஆற்றலும் பொருளும்' என்ற ஜெர்மன் நூல், பொருள் அழியாதது, ஆகவே நித்தியமானது, ஆகவே படைப்பு பொய் என்று வாதித்துப் பல மொழிகளில் பரவியது. இதில் சறுக்கும் இடம் முதல் 'ஆகவே'. தராசு ஒரு வினைக்கு முன்னும் பின்னும் நிறுக்கிறது. இருக்கும் பொருள் இந்த மாற்றத்தில் குறையவில்லை என்பதிலிருந்து, அது எப்போதும் இருந்தது என்பது வராது. பிரபஞ்சத்தை வைத்து நிறுக்க வெளியே ஒரு தட்டு கிடையாது. பிரசங்கியாரின் வாதம் இதே தவறைத் தலைகீழாகச் செய்கிறது. ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பு என்று திருச்சபை சொல்வது ஒரு வினையை அல்ல. அக்குவினாஸின் தாமஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, படைப்பு என்பது மாற்றம் அல்ல, மாறுவதற்கு முன்னால் ஒன்று இருந்தாக வேண்டும், படைப்புக்கு முன் அப்படி ஒன்றுமில்லை என்று தெளிவாக்கிவிட்டார். உலகம் ஒரு நாள் தொடங்கியது என்பதை அவர் விசுவாசத்தால் ஏற்றார். பகுத்தறிவால் நிறுவ முடியாது என்றார். தொடக்கமே இல்லாத உலகமும் படைக்கப்பட்டதாக இருக்கலாம் என்று தனி நூலே எழுதினார். நெய்யூரில் 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே மருந்துசாலை தொடங்கியது முதல், எவரெஸ்டில் ஏற முயன்றுவிட்டு வந்த ஹோவர்டு சாமர்வெல் கத்தி பிடித்த காலம் வரை, ஜெபமும் மருந்துத் தராசும் ஒரே வளாகத்தில் இருந்தன. ஒன்றை வைத்து மற்றதை நிரூபித்தால்தான் இரண்டும் நிற்கும் என்ற நிலை அங்கே வந்ததில்லை.

விதியே முழு உண்மையல்ல என்பதற்கு நெய்யூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். சில கிலோமீட்டரில் மணவாளக்குறிச்சி. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்தக் கரைமணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அன்றைக்கு வேண்டியிருந்தது காஸ்லைட் மேன்டிலுக்கான தோரியம். இன்று மணல் ஆலை நடத்துவது ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம். இந்திய மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தோரியம் ஆக்சைடு. தோரியம் தானாகவே சிதைந்து, பல படி இறங்கி ஈயமாகிறது. பாதி சிதைய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு ஆகும். பூமி பிறந்ததிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு சிதைந்திருக்கிறது. ஒரு கிலோ தோரியம் முழுவதும் சிதைந்தால் சுமார் 896.3 கிராம் ஈயமும் 103.5 கிராம் ஹீலியமும் மிஞ்சும். கூட்டிப் பாருங்கள், 0.2 கிராம் துண்டு விழும். தேடு என்ற லவோய்சியேவின் கட்டளைப்படி தேடினால், அந்த 0.2 கிராம் வெப்பமாகவும் கதிராகவும் வெளியே போயிருக்கிறது. ஐன்ஸ்டைன் 1905இல் சொன்ன கணக்கு இதுதான். கரி எரிவதிலும் இது உண்டு. 12 கிராம் கரி 32 கிராம் ஆக்சிஜனோடு எரியும்போது குறைவது கிராமில் நூறு கோடியில் நாலு பங்கு அளவுதான். லாண்டோல்டின் தராசுக்கு எட்டாத தூரம். வெப்பம் உட்பட எதையும் வெளியே விடாத பெட்டியில் தோரியத்தை அடைத்து வைத்தால் பெட்டியின் எடை மாறாது. ஆனால் உள்ளே பொருளாக இருந்ததில் ஒரு பகுதி வெறும் வெப்பமாக மாறியிருக்கும். அதாவது நிறை என்பது 'இவ்வளவு பொருள்' என்பதன் அளவே அல்ல.

'சரி, பொருள் போனால் போகட்டும், ஆற்றல் நித்தியம், அதைத்தான் சத்தி என்கிறோம்' என்று உடனே அடுத்த தடை வரும். குமரிமுனைப் பாறையோடு பெயர் சேர்ந்த விவேகானந்தரே இந்த ஆசையைக் கொண்டிருந்தார். பொருளும் விசையும் ஆற்றலாக ஒடுங்குவதை டெஸ்லா கணிதமாகக் காட்டிவிடுவார், வேதாந்தப் பிரபஞ்சவியலுக்கு உறுதியான அடித்தளம் கிடைத்துவிடும் என்று 1896இல் ஒரு கடிதத்தில் எழுதினார். டெஸ்லா காட்டவில்லை. வேறொருவர் வேறு வழியில் காட்டியபோதும் அது நித்தியத்துக்குச் சான்றாகவில்லை. இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றுபோல இருக்கும் சூழலில்தான் ஆற்றல் மாறாதிருக்கும் என்பதை எம்மி நோத்தர் 1918இல் வெளியிட்ட தேற்றம் காட்டியது. விரியும் பிரபஞ்சத்தில் தொலைவிலிருந்து வரும் ஒளி அலைநீளம் கூடிக்கூடி ஆற்றலை இழக்கிறது. இழந்தது எங்கே என்று கேட்டால், மொத்தப் பிரபஞ்சத்துக்கும் ஒரே கணக்கேடு போடுவதற்கே பொதுச் சார்பியலில் தெளிவான வழியில்லை என்பதே விடை. நித்தியமான சத்தியை இந்த விதியின் மீது நிறுத்தினால், இயற்பியல் நூலின் அடுத்த பதிப்பு வரும்போதெல்லாம் தெய்வம் ஆட்டம் காணும்.

அப்படியானால் சமயத்துக்கும் இந்த விதிக்கும் பேச்சுவார்த்தையே இல்லையா என்றால், இருக்கிறது. எடை உள்ள ஒன்றைப் பற்றிச் சமயம் பேசும் இடத்திலெல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர் ஆன்மாவை நிறுக்கப் புறப்பட்டு, சாகும் தறுவாயில் இருந்த ஆறு பேரைத் தராசுக் கட்டிலில் கிடத்தி, ஒருவரிடம் கண்ட முக்கால் அவுன்சு இறக்கத்தை 1907இல் வெளியிட்டார். 21 கிராம் ஆன்மா என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அதுதான். மற்ற ஐந்து பேரின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவே இல்லை. மூடாத கலத்தில் நிறுத்ததால் மூச்சிலும் வியர்வையிலும் போனதைப் பிடித்து நிறுக்க வழியில்லை. பிளாக்கின் மாணவன்கூடச் செய்யாத பிழை. கையசைவில் விபூதி கொட்டுகிறது என்றால், கொட்டிய அளவு எங்கேயிருந்து வந்தது என்று கேட்க விதி உரிமை தருகிறது. இரசவாதம் செய்து செம்பைப் பொன்னாக்கினேன் என்பவரிடமும், எந்த அடுப்பிலும் ஒவ்வொரு தனிமத்தின் அளவும் தனித்தனியே மாறாது நிற்கும் என்று அது சொல்லும். (அடுப்பே இல்லாமல் உலோகம் மாறுவது மணவாளக்குறிச்சி மணலில் நடக்கிறதுதான், ஆனால் வருவது ஈயம், பொன் அல்ல.)

எனக்கு மிகவும் கனமாகப் படுவது உடலின் உயிர்த்தெழுதல். இங்கே விசுவாசம் வெறும் ஆவியைப் பற்றிப் பேசவில்லை. நிறுக்கக்கூடிய உடலைப் பற்றிப் பேசுகிறது. அந்த உடலின் கார்பன் அழியாது என்பது ஆறுதல்போலத் தோன்றும், ஆனால் சிக்கலே அங்கேதான். அழியாததால்தான் அது ஊரெல்லாம் சுற்றுகிறது. காற்றில் கலந்ததைக் கல்லறைத் தோட்டத்து மாமரத்தின் இலை எடுக்கும், காய் எடுக்கும், காயைத் தின்றவன் உடல் எடுக்கும். ஒருவன் உடலை இன்னொருவன் தின்றால் எழும்பும் நாளில் அந்தச் சதை யாருக்கு என்று அகஸ்டின் தன் 'கடவுளின் நகரம்' நூலின் கடைசிப் பகுதியில் வெட்கப்படாமல் கேட்டார். முதலில் உடையவனுக்கே திரும்பும், இரவல் வாங்கியவனின் குறையைக் கடவுள் நிரப்புவார் என்று பதிலும் சொன்னார். வேதியியல் அந்தக் கேள்வியை நரமாமிசத்திலிருந்து எல்லார் சாப்பாட்டுத் தட்டுக்கும் கொண்டுவந்துவிட்டது. சுவரில் இறுகிய சுண்ணாம்பு 100 கிலோவாகத் திரும்பினாலும் சிப்பியின் உருவம் திரும்பவில்லை. அது வாங்கியதும் காளவாசலில் விட்ட அதே வாயுவை அல்ல. எடை திரும்புவதும் ஆள் திரும்புவதும் வேறு வேறு. ஆகவே அதே அணுக்களைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் உயிர்த்தெழுதல் என்பவர், ஒரே அணுவுக்கு உரிமை கோரும் பலருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விதைக்கும் பயிருக்கும் உள்ள உறவாக அதைச் சொன்ன பவுலின் வழியில் போகிறவர், ஆள் தொடர்வது அணுவால் இல்லை என்றால் எதனால் என்று சொல்லியாக வேண்டும். இரண்டாவது கேள்வி மறுபிறவியை நம்புகிற சைவருக்கும் அப்படியே உண்டு. முதல் கேள்வியிலிருந்து மட்டும் அவர் தப்பிவிடுகிறார்.